நான்கு இறால் லாரிகளும் ஒரு நேரடி டெமோவும்

வரும் சனிக்கிழமை நடக்கும் டெவலப்பர் கூட்டத்தில் பேச, நம் கோயம்புத்தூர் ஆபிஸிலிருந்து மூன்று பேர் பெயர் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். அதில் ஒருவர் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்க்கிறார் என்றும் கேள்வி. வெட்கப்பட வேண்டாம். எந்த ஸ்லைடில் எந்தக் கையை உயர்த்துவது என்பதற்குக்கூட ஒத்திகை பார்த்தவன் நான். மேடையிலிருந்து ஓய்வு பெற்று எனக்கு மூன்று வருடமாகிறது. வயது இருபத்தொன்பது. ஓய்வு பெற்றவன் அறிவுரை சொல்வான். சாயா வாங்கிக் கொடுத்துவிட்டு அதைக் கேட்டுத் தொலைப்பது புதியவர்களின் தலைவிதி.

வெப் சர்வீஸ் எழுதுவது எப்படி, அதை சர்வரில் ஏற்றி ஓடவிடுவது எப்படி என்பதுதான் உங்கள் தலைப்பாம். அதில் நான் கற்றுத்தர ஒன்றுமில்லை. உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், தெரியும் என்பதும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது கொச்சி மட்டாஞ்சேரியில் நடந்ததை.

நம் தொழிலில் வேலை செய்வது ஒன்று, செய்ததைப் பற்றிப் பேசுவது இன்னொன்று. இரண்டாவதற்குத்தான் டி-ஷர்ட் தருவார்கள். அப்போது எங்கள் ஆபிஸ் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு சுக்கு கிடங்கின் மாடியில் இருந்தது. அதே ரோட்டில் நாலு கட்டடம் தள்ளி, மாடியில் ஒரு பழைய ஹால். மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், கொச்சியில் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பிழைக்கிற அறுபது பேர் அங்கே கூடுவோம். எங்களுக்கென்று சில ஆசாரங்கள் உண்டு. வாசலில் ஒரு பிரம்புக் கூடை இருக்கும். உள்ளே வருகிறவர்கள் எல்லோரும், பேசுகிறவர் உட்பட, போனை சைலன்ட்டில் போட்டு அதில் வைத்துவிட வேண்டும். கேள்வி கேட்பவர்கள் துண்டுச் சீட்டில் எழுதி முன்னே அனுப்ப வேண்டும். பேசி முடித்தவரை யாராவது ஒருவர் கட்டிப்பிடிக்க வேண்டும். கடைசி ஆசாரம் எழுதப்படாதது.

நான் பேசியதற்கு முந்தைய மாதம் எறணாகுளத்திலிருந்து ஒருவர் வந்து பேசினார். தொழிலில் எனக்குப் பத்து வருடம் மூத்தவர். திரையில் ஒரு சர்வீஸ் ஓடிக்கொண்டிருந்தது. "இது இப்போது வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சர்வரில் ஓடுகிறது" என்றார். முதல் வரிசையில் இருந்த எனக்குக் கை அரித்தது. எழுந்து போய் அவர் லேப்டாப்பிலிருந்து நெட் ஒயரைப் பிடுங்கினேன். சர்வீஸ் நிற்கவில்லை. வெளிநாட்டு சர்வர் அவர் மேசைமேலேயே இருந்தது.

ஹால் சிரித்த சிரிப்பில் கீழே ரோட்டில் மூட்டை தூக்கியவர்கள் மேலே பார்த்தார்கள். அந்த மனிதர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அன்று சாயா குடிக்காமலே போய்விட்டார். அவர் செய்ததில் இருந்த தப்பு, தன் கணினியில் ஓட்டியது அல்ல, அதைச் சொல்லாதது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. நான் செய்ததில் இருந்த தப்பை வரிசையாகச் சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

ஒயர் பிடுங்கிய வீரன் அந்த நிமிடமே அடுத்த மாதப் பேச்சாளன் ஆனான். "எடா கணேசா, உன் டெமோவில ஒயரைப் பிடுங்கினா நிக்கணும், கேட்டியா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். நிற்கும் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆக, எனக்கு நிஜமான ஒன்று தேவைப்பட்டது. கையில் இருந்த நிஜம் ஒன்றுதான்: இறால்.

தோப்பும்படியில் ஒரு ஏற்றுமதி நிறுவனம் எங்கள் வாடிக்கையாளர். துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்ட இறாலை லாரிகளில் ஏற்றி, அரூர் பக்கம் இருக்கும் மூன்று ஆலைகளுக்கு அனுப்புவார்கள். எந்த வண்டி எந்த ஆலைக்கு என்று அதுவரை போனில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எழுதிய சர்வீஸ் அதை டிரைவரின் போனுக்கு மெசேஜாக அனுப்பும். ஒரு மாதம் சோதனை ஓட்டம். நான் பேசவிருந்த சனிக்கிழமைதான் அதன் கடைசி நாள். திங்கட்கிழமை முதலாளி முடிவு சொல்வார்.

அந்த நிறுவனத்தில் வண்டிகளை அனுப்புகிற மேசை சரசு அக்காவுடையது. முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலை பார்த்த தமிழ்க் குடும்பம். அதில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர் அவர்தான். "இந்தப் பிள்ளைங்க சாதனத்தை எடுத்து நோக்கலாம் சார், என் பொறுப்பு" என்று முதலாளியிடம் சொல்லி எங்களை உள்ளே விட்டவரும் அவரே. முதலாளி அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொண்டார்.

டிரைவர்களுக்குப் பாடம் எடுத்தது நான். அவர்கள் மெசேஜைப் பார்க்காமல் அக்காவுக்கு போன் போட்டுக்கொண்டே இருந்ததால் எனக்கு எரிச்சல். ஆகவே ஒரு விதி போட்டேன். "மெசேஜ்தான் சட்டம். போனில் யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள்."

"நான் கூப்பிட்டாலுமா?" என்றார் சரசு அக்கா.

"நீங்க கூப்பிட்டாலும்தான்க்கா."

"கொள்ளாம், ரொம்ப நல்லாருக்கு. நாளைக்கு நான் செத்துட்டேன்னு மெசேஜ் வந்தா, என் வீட்டுக்கே வந்து என் கழுத்துலயே மாலை போடுவாங்க."

டிரைவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, விதி சிரிப்பாகிவிடக் கூடாதல்லவா.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சனிக்கிழமைகளில் ஆலைகளின் கேட் ஐந்து மணிக்கு மூடும். அதற்குள் உள்ளே போகாத இறாலைக் கப்பலுக்கென்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். நான்தான் அதை சர்வீஸில் எழுதியவன்.

பேச்சுக்காக அந்த சர்வீஸை அப்படியே ஒரு நகல் எடுத்து, அதே சர்வரில் பக்கத்தில் வைத்தேன். அப்படியே என்றால் அப்படியே: டிரைவர்களின் போன் நம்பர்களும் சேர்ந்து வந்தன. அவற்றை மாற்றிப் பொய் நம்பர் போட வேண்டும் என்று ஒரு தாளில் குறித்தும் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை மாலை முழுவதும் ஸ்லைடுகளின் பின்னணி நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். நீலம் எனக்குப் போதுமான அளவு நீலமாக இல்லை.

சனிக்கிழமை மூன்று மணி. ஹால் நிரம்பியிருந்தது. பக்கத்து பிரவுசிங் சென்டரிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர் இழுத்திருந்தோம். பத்து நிமிடத்தில் முதல் சீட்டு வந்தது. 'ஏற்றியது தப்பாகப் போனால் எப்படித் திரும்ப எடுப்பீர்கள்? நிஷா, சுள்ளிக்கல்.' அதை உரக்கப் படித்துவிட்டு, "தப்பாகப் போகிறவர்களுக்கென்று தனி வகுப்பு இருக்கிறது, சுள்ளிக்கல்லில்" என்றேன். நல்ல சிரிப்பு. பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேள்விக்குப் பதில் இல்லாதபோது கேட்டவரைக் கிண்டல் செய்வது நம் மேடைகளில் நெடுங்காலப் பழக்கம். செய்து பாருங்கள், நன்றாக வேலை செய்யும், பதில் தேவைப்படும் நேரம் வரை.

பிறகு டெமோ. "நான்கு வண்டிகள் கிளம்பியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்" என்றேன். வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. அந்நேரம் தோப்பும்படியிலிருந்து நிஜமாகவே நான்கு வண்டிகள் கிளம்பியிருந்தன. இறக்க வேண்டிய இடம் என்ற கட்டத்தில், ஒரு ரசிப்புக்காக, நாங்கள் உட்கார்ந்திருந்த ஹாலின் விலாசத்தையே நான்கு வண்டிகளுக்கும் போட்டேன். பட்டனை அழுத்தினேன். 'அனுப்பப்பட்டது' என்று பச்சையில் வந்தது. "யாராவது வந்து ஒயரைப் பிடுங்குங்கள்" என்றேன். ஒருவன் ஓடிவந்து பிடுங்கினான். திரை செத்தது. கைதட்டல். மறுபடி சொருகி, தாமதமாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டாவது முறை அழுத்திக் காட்டினேன்.

வெளியே நடந்ததை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதல் மெசேஜ் போனதுமே ஒரு டிரைவர், சட்டத்தை மீறி, சரசு அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். "எந்தா சேச்சி, இன்னிக்கு மட்டாஞ்சேரியிலயா இறக்கறது?" அக்கா நாலு பேரையும் மாறி மாறிக் கூப்பிட்டு, கத்தி, கெஞ்சி, வண்டிகளை அரூர் பக்கம் திருப்பியிருக்கிறார். திருப்பி முடிக்கும்போது இரண்டாவது மெசேஜ். "சேச்சி, இப்ப பின்னயும் வந்திருக்கு. மெசேஜ்தானே சட்டம்?" நாலு வண்டியும் மறுபடி மட்டாஞ்சேரிக்குத் திரும்பின. அக்கா என்னைக் கூப்பிட்டார். கூடையில் அறுபது போன்களுக்கு அடியில் என் போன் சைலன்ட்டாகத் துடித்துக்கொண்டிருந்தது.

இது எதுவும் தெரியாமல் நான் பேசிக்கொண்டிருந்தபோது கீழே நீளமாக ஹாரன் கேட்டது. படியில் காலடி. வேட்டியை மடித்துக்கட்டிய, இடுப்பு வரை நனைந்த ஒரு மனிதர் போனை நீட்டிப் பிடித்தபடி ஹாலுக்குள் வந்து நின்றார். அந்தோணி சேட்டன். நாலு டிரைவர்களில் என் பாடத்தை உள்ளபடி நம்பியவர் அவர்.

"சாரே, விலாசம் இதுதானே? செம்மீன் எவிடெ இறக்கணும்?"

முதலில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஹால் எழுந்து நின்று கைதட்டியது. பேச்சாளன் ஒரு நடிகரையே ஏற்பாடு செய்து கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். விசில் வேறு. அந்தோணி சேட்டன் மிரண்டுபோய் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் போனில் என் விலாசத்தைப் பார்த்த அந்த வினாடியே தெரிந்துவிட்டது. ஆனால் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை: அந்தக் கைதட்டல் நன்றாக இருந்தது. "ஒருக்கா கூடி, இன்னொரு தடவை!" என்று யாரோ கத்தினார்கள். அதே மெசேஜ்தானே, இன்னொரு தடவை போனால் புதிதாக என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மூன்றாவது முறை அழுத்தினேன். அந்தோணி சேட்டனின் கையிலிருந்த போன் அதிர்ந்தது. ஹால் கூரை வரை எழும்பியது.

அவர் அருகில் போய், "சேட்டா, அஞ்சு நிமிஷம் கீழ நில்லுங்க" என்று கிசுகிசுத்தேன். அவர் போனார். நான் அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று கேட்காதீர்கள். ஸ்லைடு கணக்கில் ஏழு. ஏழாவது ஸ்லைடின் தலைப்பு 'நம்பகத்தன்மை'.

பின்வரிசைப் பெண் எழுந்து நின்றாள். சீட்டு எழுதவில்லை.

"சார், இது டெமோ இல்லையே?"

"டெமோதான்" என்றேன்.

"அப்ப இங்க இறால் எதுக்கு நாறுது?"

எல்லோரும் மூக்கை இழுத்துப் பார்த்தார்கள். அந்தோணி சேட்டன் நின்ற இடத்தில் ஐஸ் தண்ணீர் சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது. கீழே இப்போது ஒன்றல்ல, மூன்று நான்கு ஹாரன்கள். சிரிப்பு வரிசை வரிசையாக நின்றது.

"முதல் சீட்டுல கேட்டதையே திரும்பக் கேக்கறேன்" என்றாள் நிஷா. "இப்ப எப்படித் திரும்ப எடுப்பீங்க?"

அறுபது பேர் பார்க்க, நான் கீபோர்டில் கை வைத்தேன். சரியான விலாசத்தை அனுப்பிவிட்டால் முடிந்தது. ஆனால் சரியான விலாசம் எது? நகலில் இருந்த நாலையும் நானே அழித்து ஹால் விலாசத்தைப் போட்டிருந்தேன். நிஜ சர்வீஸில் எது இருக்கும் என்று தேட ஆரம்பித்தேன். அதற்குள் நிஷா வாசலுக்குப் போய்க் கூடையை அப்படியே மேசைமேல் கவிழ்த்தாள். துடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"உங்களோடதா? 'சரசு அக்கா'ன்னு வருது."

"அக்கா..." என்றேன், போனைக் காதில் வைத்து.

"கைய எடு."

"அக்கா, இதோ இப்பவே சரியான மெசேஜ் அனுப்பி..."

"கணேசா, கைய எடுன்னா எடு! நீ ஒருக்கா அமுக்கினா நாலு வண்டி ஒருக்கா திரியுது. நான் அங்க திருப்ப, நீ இங்க திருப்ப, என் டிரைவர்மாருக்குத் தலை சுத்தி வாந்தி வருது. இனிமே ஒரு மெசேஜும் போகக் கூடாது. மனசிலாச்சா?"

"நான் என்னக்கா செய்யணும்?"

"அந்தச் சனியனை அணை. அணைச்சிட்டுக் கீழ போ. வண்டி வண்டியா ஏறி, மெசேஜ் பொய்யின்னு உன் வாயால சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீதானே பாடம் எடுத்தே?"

நகலை நிறுத்தினேன். அது நின்றதா என்று நிஷா என் தோளுக்குப் பின்னாலிருந்து இரண்டு முறை சரிபார்த்தாள். படிகளில் இறங்கி ஓடினேன்.

பஜார் ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்; ஒரு லாரி நின்றால் ஒரு கைவண்டி போகலாம், மூச்சைப் பிடித்துக்கொண்டு. அங்கே நாலு லாரி. முன்னால் அந்தோணி சேட்டன், அவர் பின்னால் வரிசையாக மற்ற மூன்று. இரண்டு பக்கமும் மிளகு மூட்டை, நடுவில் சுற்றுலாப் பயணிகளோடு சிக்கிய ஆட்டோக்கள். லாரிகளின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டி ரோடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. மணி நாலைத் தாண்டியிருந்தது.

கடைசி வண்டியில் ஏறி, "அண்ணே, ஒரு சின்ன டெக்னிக்கல்..." என்று ஆரம்பித்தேன். அந்த டிரைவர் செங்கோட்டைக்காரர்.

"மெசேஜ் நிசமா, பொய்யா? ஒத்த வார்த்தைல சொல்லு."

"பொய்."

"யாரு அனுப்புனா?"

"நான்தான்."

"அப்ப இப்ப நீ சொல்லுறது மட்டும் நிசமாவா இருக்கும்?"

போனை ஸ்பீக்கரில் போட்டு சரசு அக்காவையே பேசவிட்டேன். மூன்று சொற்களில் ஒரு வசவும் ஒரு ஆலையின் பெயரும் வந்தன. அவர் ரிவர்ஸ் கியர் போட்டார். அக்காவின் குரலை ஏந்திக்கொண்டு அடுத்தடுத்த வண்டிகளில் ஏறி இறங்கினேன். பின்னால் பார்த்தால், ஹாலில் இருந்த அறுபது பேரும் ரோட்டில். அழகான சட்டைகளோடு லாரியின் பக்கவாட்டைத் தட்டி, "வரட்டும், வரட்டும், ஒடிச்சு வா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அன்றைய கூட்டத்தில் யாராவது எதையாவது சரியாக இடம் சேர்த்தார்கள் என்றால் அது அப்போதுதான்.

மூன்று வண்டிகள் கேட் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தன. அந்தோணி சேட்டன் முதலில் வந்தவர், ஆகவே கடைசியாகத்தான் வெளியே வர முடிந்தது. அவர் போனபோது கேட்டில் பூட்டு. கப்பலுக்குப் போக வேண்டிய இறால் அன்று மாலையே உள்ளூர்ச் சந்தையில் ஐஸ் இல்லாமல் கிடந்தது. என்னை முழுதாக நம்பியவர் ஒருவர், நஷ்டமும் அவர் வண்டிக்குத்தான்.

தம்பிகளா, தங்கச்சிகளா, நேரடி டெமோ செய்யாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் கேட்கவா போகிறீர்கள். செய்யுங்கள். ஆனால் மேடையில் ஏறும்முன், அழுத்தியதைத் திரும்ப எடுக்கிற வழியை ஒரு தடவை நிஜமாகச் செய்து பாருங்கள். தப்பு நடந்தால் அடுத்த ஸ்லைடுக்குப் போகாதீர்கள். சரி செய்வதற்கு முன்னால் நிறுத்துங்கள். அதுவும் ஒரு வேலை, பெரும்பாலும் அதுதான் வேலை. உங்கள் போனை மட்டும் கூடையில் போடாமல் விவரம் தெரிந்த ஒருவர் கையில் கொடுங்கள். கைதட்டுகிறவர்களில் ஒருவருக்கும் உங்கள் சர்வர் பாஸ்வேர்டு தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

திங்கட்கிழமை காலை என் மேலாளர் ஒரு கடிதத்தை அடித்து என் கையில் கொடுத்தார். 'எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.' நம் தொழிலில் மனிதர்கள் எதையும் செய்வதில்லை, கவனித்திருப்பீர்கள்; எல்லாவற்றையும் கோளாறுகளே செய்துவிடுகின்றன. தோப்பும்படியில் முதலாளியின் அறைக்கு வெளியே பெஞ்சில் சரசு அக்கா இருந்தார். மடியில் ஒரு துணிப்பை. மேசை டிராயரில் இருந்த டிபன் பாக்ஸ், பேனாக்கள், ஒரு ஜோடி செருப்பு எல்லாம் ஏற்கெனவே அதற்குள் வந்துவிட்டிருந்தன. கடிதத்தை வாங்கிப் படித்தார்.

"இந்தக் கோளாறுக்கு அப்பா அம்மா வச்ச பேர் ஒண்ணு உண்டுல்லா?"

"உண்டுக்கா."

"உள்ள போய் அதைச் சொல்லு. நீ சொல்லலேன்னா, அவரு அதுக்கு என் பேரை வச்சிடுவாரு."

இருவரும் உள்ளே போனோம். முதலாளி உட்காரச் சொல்லவில்லை. கடிதத்துக்காகக் கை நீட்டினார். நான் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"பட்டனை அமுக்கினது யாரு? இவளா?" என்றார் மலையாளத்தில்.

"இல்லை சார். நான். இவங்களுக்கு ஒன்றும் தெரியாது. வண்டிகளைத் திருப்பினதே இவங்கதான்."

"எத்தனை தடவை அமுக்கினே?"

"மூணு."

"முதல் தடவை எதுக்கு?"

"காட்டறதுக்கு சார்."

"ரெண்டாவது?"

"லேட்டா வந்தவங்களுக்கு."

"அந்தோணி உள்ள வந்ததுக்கு அப்புறம் ஒண்ணு அமுக்கியிருக்கே. அது எதுக்கு?"

இதற்கு நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

"கை தட்டினாங்க சார்."

அவர் சரசு அக்காவின் பக்கம் திரும்பி, "துறைமுகத்தில ரெண்டு வண்டி நிக்குது. போய் உன் சீட்டில உக்காரு" என்றார். அக்கா துணிப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேகமாகப் போனார், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மேசைப் பக்கமிருந்து போன் டயல் செய்யும் சத்தம் கேட்கும் வரை முதலாளி காத்திருந்தார். பிறகு, சோதனை ஓட்டத்துக்குத் தன் முடிவைச் சொல்வதுபோல் எழுந்து வந்து, அறைக் கதவைத் தானே திறந்து, நான் வெளியே போகும் வரை பிடித்துக்கொண்டு நின்றார்.